பதினொரு போத்தலும் ஒரு வெள்ளை டப்பாவும்: விலை கூடிய, விலை குறைந்த முகப்பூச்சுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் மருந்தகத்தில் பதினாறு வருடமாக மருந்தாளராக நிற்கிறேன். இங்கே எழுதுவது 2024 செப்ரெம்பரிலிருந்து 2025 ஏப்பிரல் வரை நடந்த ஒரு விடயம். சம்பந்தப்பட்ட பெண்ணும் தாயாரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

"விலை கூடினதோ, குறைஞ்சதோ நல்லது?" என்ற கேள்வி எங்கள் கடை மேசைக்குக் கிழமைக்கு நாலைந்து தடவை வரும். இந்தச் சம்பவத்தில் அதற்கு இரண்டு தடவை பிழையான பதில் கிடைத்தது. முதலில் அந்தக் குடும்பத்துக்கு, பிறகு எனக்கு.

பின்னணி

பெண்ணுக்கு வயது 23. படிப்பு முடித்து ஓர் அலுவலகத்தில் வேலை. சாதாரணதரப் பரீட்சைக் காலத்தில் தொடங்கிய பரு, உயர்தரம் முடிந்தும் போகவில்லை. நெற்றியும் மூக்கும் எண்ணெய் பிடித்தபடி இருக்கும், கன்னம் காயும். பரு ஆறின இடமெல்லாம் கறுப்பாக நின்றுவிடும். வீட்டில் வேப்பிலை அரைத்துப் பூசினார்கள், மஞ்சள் பூசினார்கள், கற்றாழையும் பூசினார்கள். எங்கள் ஊரில் இது எல்லா வீட்டுக் கதையும்தான்.

மற்ற வீடுகளிலிருந்து இந்த வீடு வேறுபட்டது மாமியால். மாமி ரொறொன்ரோவில் இருக்கிறார், சித்தி பாரிசில். இரண்டு பேரும் நல்லூர்த் திருவிழாவுக்கு மாறிமாறி வருவார்கள். வரும்போது பெட்டியில் பிள்ளைக்கென்று முகத்துக்குப் பூசும் சாமான் இருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டுப் போத்தலுக்கு இங்கே தனி மரியாதை வந்துவிட்டது. அந்த வருடம் மாமி கொண்டுவந்ததை அவர்கள் நகை போல அலுமாரிக்குள் பூட்டி வைத்து, விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூட்டு பிறகு முக்கியமாகிறது.

முதல் நாள் கண்டவை

2024 திருவிழா முடிந்து இரண்டு கிழமை இருக்கும். தாயும் மகளும் ஒரு துணிப்பையோடு வந்தார்கள். தாய் பையை மேசையில் கவிழ்த்தார். பதினொரு சாமான்.

"தம்பி, இதுகளில எது நல்லது எண்டு பாத்துச் சொல்லுங்கோ. மச்சாள் காசைக் கொட்டி வாங்கித் தந்தவ. இவளுக்கு ஒண்டும் கேக்குதில்லை."

கனடா விலையையும் பிரான்ஸ் விலையையும் ரூபாவாக்கித் தாய் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் கிட்ட.

பெண்ணின் முகத்தில் மூடிய வெண்முனைப் பருக்கள், சிவந்து வீங்கியவை, சில சீழ்ப் பருக்கள் இருந்தன. நெற்றியிலும் இரண்டு கன்னங்களிலும் கைக்குத் தட்டுப்படுகிறவற்றை எண்ணினோம், 41. கன்னத் தோல் மெல்லிசாக, கொஞ்சம் மினுமினுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அதை நான் கண்டேன். விலை உயர்ந்த கிறீம் பூசுகிறவர்களின் முகம் மினுங்கும்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு யோசிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்த இடம் அது.

என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பெண் மேசையில் இருந்ததைக் காட்டினார். காலையில் நாலு, இரவில் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. முகம் கழுவ வீட்டில் எல்லாரும் பாவிக்கும் சவர்க்காரம். தண்ணீர் வீட்டுக் கிணறு.

சீட்டுகளை வாசித்தபோது

பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தேன். முக்கால் மணித்தியாலம் போனது. கடையில் நின்ற மற்ற ஆட்களுக்கு எரிச்சல். ஆனால் இந்த வேலையைச் செய்யாமல் விலையைப் பற்றிக் கதைப்பதில் அர்த்தம் இல்லை.

உள்ளடக்கப் பட்டியலில் எது கூட இருக்கிறதோ அது முன்னுக்கு வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த ஒழுங்கிலும் போடலாம். ஆகவே போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் அரிய பூவின் சாறு, பின்பக்கத்தில் கடைசி வரிகளுக்குள் கிடந்தால் அது எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மாமியின் பெட்டியில் ஆக விலை கூடியது ஒரு சின்னக் கண்ணாடிச் சாடி. 30 மில்லிலீற்றர், 200 கனடா டொலருக்கு மேல். பட்டியலின் தொடக்கத்தில் கடற்பாசிச் சாறு, கனிம எண்ணெய், பெற்றோலேற்றம், கிளிசரின். எங்கள் தட்டிலிருந்து நிவியா நீல டப்பாவை எடுத்து, அதன் பட்டியலைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். 1911இலிருந்து விற்கும் சாமான் அது. தண்ணீர், கனிம எண்ணெய், மெழுகு, கிளிசரின். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பூசும்போது வித்தியாசம் தெரியும், மணமும் வேறு. ஆனால் இரண்டுமே காய்ந்த தோலுக்கும் குளிர் தேசத்துக்கும் பொருத்தமான கனத்த கிறீம்கள். ரொறொன்ரோவின் ஜனவரிக்கு நல்ல கிறீம், இங்கே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலின் செப்ரெம்பருக்கு, அதுவும் எண்ணெய் வழியும் நெற்றிக்கு, என்னத்துக்கு? பிழை கிறீமில் இல்லை, பிளேன் ஏறி வந்ததில்தான்.

அடுத்தது ஒரு விற்றமின் சி சீரம். மூடியைத் திறந்தால் பழைய தேயிலைச் சாயம் போல மண்ணிறம். அஸ்கோபிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஒட்சியேறிப் பழுதாகும், நிறம் மாறுவதே அதற்கு அடையாளம். அலுமாரிக்குள் பூட்டி வைத்தது இதைத்தான். 2022இல் வந்தது. போத்தலின் பின்னால் திறந்த சாடி போல ஒரு சின்னப் படமும் அதற்குள் 6 என்ற எண்ணும் இருந்தன. திறந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். வீட்டில் ஒருவரும் அந்தப் படத்தைக் கவனிக்கவில்லை. இருபத்தையாயிரம் ரூபாய்ச் சீரத்தை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து இரண்டு வருடம் பூசியிருக்கிறார்கள். விலை கூடிய சாமான் பழுதாவதற்கு அதன் விலையே காரணமாவதை அன்றுதான் நேரில் கண்டேன்.

இரண்டு வேறு நிறுவனங்களின் இரவுக் கிறீம்கள் இரண்டிலும் ரெற்றினோல், தோலைப் புதுப்பிக்கும் விற்றமின் ஏ வகை. அதற்கு மேல் இறந்த தோலை உரிக்கும் கிளைகோலிக் அமிலம் கலந்த ரோனர். ஞாயிற்றுக்கிழமை கொட்டைத்தூள் போட்ட ஸ்க்ரப். தனித்தனியே எடுத்தால் நாலும் விற்பனையில் உள்ள, பலருக்குப் பயன்படுகிற சாமான்கள். ஒரே முகத்தில் ஒரே இரவில் பூசினால் தோல் என்ன செய்யும்?

மிச்சத்தில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று ஓடினரி நிறுவனத்தின் நையசினமைட் (விற்றமின் பி3 வகை) 10 சதவீதத் திரவம். கனடாவில் பத்து டொலரும் வராது. மாமி அதைப் பெட்டியின் மூலை நிரப்பப் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூடிகூடத் திறக்கப்படவில்லை. மற்றது பாரிஸ் சித்தி வாங்கித் தந்த வெயில் கிறீம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தாய்க்கு ஒரு விடயத்தை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விலை கூடிய பெயரும் குறைந்த பெயரும் எப்போதும் இரண்டு வேறு தொழிற்சாலைகளின் சண்டை அல்ல. லாங்கோம் 1964இலிருந்து லோரியால் குழுமத்தில் இருக்கிறது. லா ரோஷ் போசே 1989இல் அதே குழுமத்துக்கு வந்தது, செராவே 2017இல். ஒரே முதலாளி, மூன்று விலைத் தட்டு. அதேபோல ஓடினரியும், கிளினிக் (Clinique) என்ற அழகுசாதனப் பெயரும் எஸ்டீ லோடர் குழுமத்தின் கீழ்தான். தாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒரே கிணத்துத் தண்ணியை மூண்டு போத்தலில விக்கிறாங்களோ?" என்றார். அப்படியும் இல்லை. கூடிய விலைக்குச் சில நேரம் மெய்யாகவே ஏதாவது கிடைக்கும். காற்றுப் புகாத குழாய், தோலில் ஒட்டாத தன்மை, பழுதாகாமல் நிற்கும் சேர்க்கை. சில நேரம் கண்ணாடிச் சாடியும் வாசனையும்தான் கிடைக்கும். பருவும் எரிச்சலும் உள்ள தோலுக்கு வாசனை உபகாரம் செய்வதில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

பதினொன்றையும் நிறுத்தச் சொன்னேன். இத்தனையும் ஒன்றாகப் பூசும்போது எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டு கிழமைக்கு மருந்து எதுவும் வேண்டாம். தோல் முதலில் ஆறட்டும் என்று நினைத்தேன். கொடுத்தவை இரண்டே இரண்டு. சவர்க்காரம் இல்லாத, வாசனை இல்லாத முகக் கழுவி, 1,450 ரூபா. செரமைட்டும் (தோலில் இயல்பாக உள்ள ஒரு வகைக் கொழுப்பு) கிளிசரினும் உள்ள இலேசான ஈரப்பூச்சு, 1,900 ரூபா. பெயர் சொல்லவில்லை, விளம்பரம் ஆகிவிடும். பகலுக்கு எங்கள் தட்டில் இருந்த மலிவான வெயில் கிறீம் ஒன்றையும் சேர்த்தேன்.

சவர்க்காரத்தை மாற்றியதற்கு எங்கள் தண்ணீரும் ஒரு காரணம். குடாநாடு சுண்ணக்கல் நிலம், குடிப்பதும் குளிப்பதும் கிணற்று நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அந்தக் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் கரையாத ஒரு படிவு வரும், வாளியின் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒட்டுவது அதுதான். முகத்திலும் ஒட்டும். அதோடு தோலின் மேற்பரப்பில் அமில, கார அளவு (pH) 5ஐ ஒட்டியிருக்க, சவர்க்காரம் 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். குழந்தைச் சவர்க்காரம் மென்மை என்று நினைத்துச் சில தாய்மார் அதை வாங்கித் தருவார்கள். கட்டியாக வரும் குழந்தைச் சவர்க்காரத்திலும் பெரும்பாலானவை சவர்க்காரம்தான். சுண்ணத் தண்ணீருக்கு சவர்க்காரம் அல்லாத கழுவிதான் பொருந்தும். இதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. முகத்தில் அரை நிமிடம் நின்று தண்ணீரோடு போகிற சாமான் அது.

இன்னொன்றும் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு, ஒரே யன்னலுக்குப் பக்கத்தில், ஒரே ரெலிபோனில் மூன்று படம். நெற்றி, இடம், வலம். கண்ணாடி முன் நின்று நினைவில் ஒப்பிட்டால் மனம் ஏமாற்றும். இந்த ஒரு முடிவு மட்டும் கடைசி வரை பிழையாகவில்லை.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் தாய் தனியாக வந்தார். முகம் கறுத்திருந்தது. மகளுக்கு இரண்டு கன்னமும் தீயாய் எரிகிறதாம், வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்ப்பருவாம், வேலைக்குப் போக மாட்டேன் என்று படுத்திருக்கிறாளாம்.

"பாத்தீங்களோ தம்பி. காசு பாத்தா இப்பிடித்தான் வரும். மச்சாளின்ர சாமான் பூசேக்க இப்பிடி ஒருநாளும் வரேல்ல."

பழைய சாமான் பூசும்போது வரவில்லை, மலிவான சாமான் பூசி ஒன்பது நாளில் வந்துவிட்டது. இதைவிடத் தெளிவான ஒப்பீடு வேறு என்ன வேண்டும்? நானும் கொஞ்சம் ஆடிப்போனேன். கழுவி ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்து, 4,800 ரூபாவுக்கு வெளிநாட்டுக் கழுவி ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். என் பிழை இது. இரண்டு கழுவிகளின் பட்டியலையும் நானே பக்கத்தில் வைத்து வாசித்திருந்தால், எரிக்கக்கூடியது எதுவும் முதலாவதில் இல்லை என்று தெரிந்திருக்கும். வாசிக்கவில்லை. பயத்தில் விலையை நம்பினேன். மற்றவர்களுக்கு எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுகிறேனோ அதையே செய்தேன்.

ஒரு கிழமை போயும் எரிவு குறையவில்லை.

டப்பா

பதினெட்டாம் நாள் பின்னேரம், கடையில் ஆட்கள் குறைந்த நேரம், பெண் தனியாக வந்தார். எரிவு குறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். "கழுவி மாத்தினது சரிவந்திட்டுதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை அண்ணை. முந்தநாள் இரவு பழையபடி அந்த நைற் கிறீமைப் பூசினனான். அடுத்தநாளே சிவப்புக் குறைஞ்சிட்டுது" என்றார்.

எந்த நைற் கிறீம்? மேசையில் கவிழ்த்த பதினொன்றில் ரெற்றினோல் கிறீம்கள் இரண்டையும் அம்மா அலுமாரிக்குள் திரும்ப வைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

"அது மாமி தந்ததில்லை. பியூற்றி பாலரில தந்தது. அதை நான் கிறீம் எண்டு நினைக்கேல்ல, பேஷலுக்குப் பிறகு பூசுற மருந்து எண்டுதான் நினைச்சனான். அம்மாவுக்குத் தெரியாது."

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். திருகு மூடி போட்ட ஒரு சின்ன வெள்ளைப் பிளாஸ்ரிக் டப்பா. பெயர் இல்லை, பட்டியல் இல்லை, திகதி இல்லை. 1,200 ரூபா. பூசத் தொடங்கி மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று வந்ததாம். ஐந்து மாதமாக இரவில் பூசியிருக்கிறார். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" என்று நான் சொன்ன அன்று, சொல் கேட்கிற பிள்ளை, இதையும் நிறுத்தியிருக்கிறார்.

முதல் நாள் கண்ட மெல்லிசான மினுங்கும் கன்னம், ஒன்பதாம் நாள் எரிவு, திரும்பப் பூசியதும் ஒரே இரவில் அடங்கியது. எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பீற்றாமெதசோன், குளோபிற்றசோல் போன்ற வீரியமான ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த பூச்சுகளை முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் நடப்பது இதுதான். முதலில் சிவப்பும் பருவும் அடங்கி நிறம் தெளிந்தது போல இருக்கும். பிறகு தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும், புதிதாகப் பரு போல வெடிக்கும். நிறுத்தினால் சில நாட்களில் திருப்பியடிக்கும். பூசினால் அடங்கும். அந்த ஆறுதலை நம்பித்தான் மனிதர் அதிலேயே கட்டுப்பட்டுப் போகிறார்கள். இந்தியத் தோல் வைத்தியர்கள் இதற்கு ஒரு தனிப் பெயரே வைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுக்கு இது பரவல்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த டப்பா ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. உள்ளே ஸ்டீரொயிட் இருந்தது என்று நான் நிரூபிக்கவில்லை. முகம் நடந்துகொண்ட விதத்தை வைத்துச் சந்தேகித்தேன், பிறகு பார்த்த வைத்தியரும் அதையே சந்தேகித்தார். பெயரில்லாத வெண்மைக் கிறீம்களில் இன்னொரு பயம் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான மினமாற்றா, அழகுசாதனங்களுக்கு முதலில் வைத்த எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். இலங்கை 2017இல் அதில் சேர்ந்தது. சீட்டே இல்லாத டப்பாவுக்கு இந்த எல்லை எங்கே ஒட்டும்?

அனுப்பியதும் பிறகு நடந்ததும்

இந்த இடத்தில் என் வேலை முடிந்தது. பரு என்றால் மருந்தாளர் ஓரளவு வழிகாட்டலாம், ஸ்டீரொயிட்டில் தங்கிப்போன முகம் தோல் வைத்தியர் பார்க்க வேண்டியது. போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். டப்பாவையும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களையும் கொண்டுபோகச் சொன்னேன். படங்கள் அங்கே மிகவும் உதவினவாம், வரிசையைப் பார்த்த உடனேயே வைத்தியர் டப்பாவைக் கேட்டாராம்.

தாய்க்கு யார் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. பெண்ணே சொன்னார், என் மேசைக்கு முன்னால் வைத்து. தாய் கோபப்படவில்லை. "ஒண்டரை இலட்சத்துச் சாமான் வீட்டில இருக்க, ஏன் பிள்ளை ஆயிரத்து இருநூறு ரூபாச் சாமானைப் பூசினனீ?" என்றுதான் கேட்டார். பெண்ணின் பதில்: "அதுதானே அம்மா வேலை செய்தது."

சிட்டையில் வந்தவை: டப்பா அன்றோடு நிறுத்தம், ஸ்டீரொயிட் இல்லாத ஒரு பூச்சு, டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் குளிசை ஆறு கிழமைக்கு. கழுவியும் ஈரப்பூச்சும் பழையபடி நான் கொடுத்த மலிவானவையே போதும் என்றார் வைத்தியர். 4,800 ரூபாக் கழுவி தாயின் குளியலறைக்குப் போனது. டொக்சிசைக்கிளின் எடுக்கிறவர் நிறையத் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்க்கக்கூடாது. வெயில் படும் தோல் இலகுவில் கருகும்.

ஒக்ரோபரும் நவம்பரும் கஷ்டமான மாதங்கள். மாரி மழை, ஈரக் காற்று, ஒரு கிழமை நல்லது, மறு கிழமை வெடிப்பு. இரண்டு தடவை பெண் டப்பாவைத் தேடியிருக்கிறார். அது என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

டிசெம்பர் நடுவில் எரிவு அடங்கியது. எண்ணிப் பார்த்தபோது 19. இப்போது மிஞ்சியது பழைய பருதான், பதினைந்து வயதில் தொடங்கியது. வைத்தியர் பருவுக்குப் பூசும் அடப்பலின் 0.1 சதவீத ஜெல் எழுதினார். ஒன்றுவிட்ட ஒரு நாள் இரவு, முழு முகத்துக்கும் ஒரு கடலைப் பருப்பளவு. இது மலிவான பழைய மருந்து, அமெரிக்காவில் 2016இலிருந்து சிட்டையே இல்லாமல் விற்கிறார்கள். கர்ப்பகாலத்தில் பூசக்கூடாது. பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு கிழமை வேண்டும், முதல் மாதம் பரு கூடியது போலத் தெரியும். ஜனவரியில் தோல் உரிந்தது. ஈரப்பூச்சை முதலில் பூசி, அதற்கு மேல் ஜெல்லைப் பூசச் சொன்னேன், சமாளித்துக்கொண்டார். பெப்ரவரியில் காலைக்குப் பருக் கிருமியைக் கொல்லும் பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதம் சேர்ந்தது. 2.5, 5, 10 என்று மூன்றையும் ஒப்பிட்ட 1986ஆம் ஆண்டு ஆய்வில் பரு குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சல் மட்டும் 10இல் கூட. துவாய் வெளிறும் என்று எச்சரித்திருந்தேன். வெளிறியது துவாய் அல்ல, தாயின் புதுத் தலையணை உறை.

நெற்றிப் பருவுக்கு இன்னொரு சின்னக் காரணமும் கண்டோம். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்து இரவு முழுக்க நிற்கிறது. முழுகுவதற்கு முன் வைத்துக் கழுவுவது என்று மாற்றினார்.

விலை வென்ற இடம்

வெயில் கிறீமில் நான் தோற்றேன். நான் கொடுத்த மலிவானது சிங்க் ஒக்சைட் நிறைந்தது. எங்கள் நிறத்தோலில் விபூதி பூசியது போல நிற்கும். வெயில் கிறீம் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப் எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் கிறீம் வேண்டும். பெண் பூசியது ஒரு பயறளவு. ஏனென்று கேட்டால், "கூடப் பூசினா ஒஃபிசில சிரிக்கிறாங்கள் அண்ணை." சரி, அந்தளவுக்குப் பூசினால் 50 என்று எழுதியிருப்பதில் அரைவாசிக்கும் வராது.

பாரிஸ் சித்தியின் கிறீம் இரண்டு விரல் நீளம் பூசினாலும் தெரியவில்லை, ஒட்டவில்லை. திகதியும் சரியாக இருந்தது. அதையே பாவிக்கச் சொன்னேன். பரு ஆறின கறுப்பு, வெயில் பட்டால் மாதக்கணக்கில் நிற்கும். டொக்சிசைக்கிளின் வேறு உள்ளே போகிறது. இந்த நிலையில் பூசப்படுகிற கிறீம்தான் நல்ல கிறீம். பதினொன்றில் விலைக்குத் தக்க வேலை செய்தது இது ஒன்றுதான். அது முடிந்த பிறகு, 3,200 ரூபாவுக்கு ஓர் இந்திய ஜெல் கிட்டத்தட்ட அதே மாதிரி இருப்பதைக் கண்டு அதற்கு மாறினோம்.

மாமி மூலை நிரப்பப் போட்ட நையசினமைட் திரவத்தை மார்ச்சில் திறந்தோம், கறுப்புக்காக. எரிக்கவில்லை. அது எவ்வளவு உதவியது, அடப்பலின் எவ்வளவு, வெயில் கிறீம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

விளைவு

2025 ஏப்பிரல், சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின ஞாயிறு எடுத்த படத்தில் 6. கன்னத்தில் மூக்கை ஒட்டி இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. அவை போகும் என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. கறுப்பு ஏறத்தாழ பாதி மங்கியிருக்கிறது. அடப்பலின் தொடர்கிறது.

ஏழு மாதத்தில் கடையில் செலவானது 30,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே, நான் பயத்தில் விற்ற 4,800 உட்பட. கிளினிக் இலவசம். இதை ஒன்றரை இலட்சத்துக்கு எதிரே வைத்து மலிவு வென்றது என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. முகத்தைக் கெடுத்தது மேசையில் இருந்த எல்லாவற்றையும்விட மலிவான சாமான். ஆக விலை கூடிய சாடி ஒரு கெடுதியும் செய்யவில்லை, உதவியும் செய்யவில்லை.

மாற்றிச் செய்வது

முதல் நாள் நான் கேட்ட கேள்வி பிழை. "என்ன பூசுகிறீர்கள்" என்றால் ஆட்கள் பெருமையாக நினைப்பதைத்தான் காட்டுவார்கள். இப்போது தனித்தனியாகக் கேட்கிறேன். தலைக்கு என்ன வைக்கிறீர்கள்? பாலருக்குப் போகிறீர்களா, அங்கே ஏதும் கையில் தந்துவிடுகிறார்களா? பெயரில்லாத டப்பா வீட்டில் உண்டா? பூசி ஒரு கிழமைக்குள் முகத்தை வெளுக்கவைத்த எதுவும் உண்டா? இவற்றைத் தாய் பக்கத்தில் நிற்கும்போது கேட்பதில்லை. தாய்மாருக்குத் தண்ணீர் கொடுத்துக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

ஐந்து மாதம் ஒன்றைப் பூசியவருக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதையும் விட்டுவிட்டேன். மினுங்கும் மெல்லிய கன்னத்தைக் கண்டால் சாமான் ஒன்றும் விற்காமல் நேரே கிளினிக்குக்கு அனுப்புகிறேன். புதிய சாமானில் எரிவு வந்தால், விலை கூடியதற்கு மாற்றுவதற்கு முன் பட்டியலை வாசிக்கிறேன்.

அந்த வெள்ளை டப்பா இன்னும் என் லாச்சிக்குள்தான் இருக்கிறது. அதை அன்றே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் கொடுத்திருக்க வேண்டும். பெண் பாலரோடு பிரச்சினை வேண்டாம் என்று கெஞ்சியதால் தள்ளிப்போட்டேன். இந்த ஆய்வை எழுதச் சம்மதம் கேட்கப் போனபோது அதையும் கேட்டேன். குடுங்கோ அண்ணை என்றார்.

போன மாதம் மாமி ரொறொன்ரோவிலிருந்து தாயின் ரெலிபோனில் என்னோடு கதைத்தார். ஆடியில் வருகிறாராம், பிள்ளைக்கு என்ன வாங்கி வர என்று கேட்டார். வெயில் கிறீம் இரண்டு, திகதி பார்த்து, மூடி திறக்காமல் என்றேன். "அவ்வளவுதானோ தம்பி?" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. நையசினமைட்டும் ஒன்று என்று சேர்த்துச் சொன்னேன்.